உப்புத்தண்ணீரில் களையெடுப்பு

உப்புத்தண்ணீர் மீன்தொட்டி பார்க்கிற தொழிலில் மீன் பிழைத்தால் வீட்டுக்காரர் கைராசி, செத்தால் என் கைராசி. பதினோரு வருஷமாக இந்த நியாயத்தைத் தலையில் சுமந்துகொண்டு, புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டு ஊரைச் சுற்றி வருகிறேன். முன்னால் வாளி, பின்னால் தண்ணீர் கேன், தோளில் பை. 'மீன்காரம்மா வந்திருக்கு' என்று வாட்ச்மேன் குரல் கொடுப்பதும், மாடியிலிருந்து யாராவது சட்டியோடு எட்டிப் பார்ப்பதும் எனக்குப் பழகிப் போய்விட்டன.

பவளம் வைத்த தொட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால் நீங்களும் என் கட்சிதான், உங்களுக்கும் அந்தச் சனியனைத் தெரிந்திருக்கும். கடல் சாமந்தி வகையில் ஒன்று. கல்லோடு ஒட்டிக்கொண்டு யாரும் கூப்பிடாமல் வரும். கண்ணாடி போல ஒரு தண்டு, அதன் தலையில் பழுப்பு நிறத்தில் மெல்லிய விரல்கள், மொத்தமே சுண்டுவிரல் நகம் அளவுதான். பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொட்டிச் சுருங்க வைத்து இடம் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் ஒவ்வொரு துணுக்கும் தனிக் குடித்தனம் போகும். புத்தகத்தில் அதற்கு அயிப்டேசியா என்று பெயர். வீட்டுக்காரர்கள் வாயில் அது நுழையாததால் நான் 'களை' என்று வைத்துவிட்டேன்.

பூ வேண்டும் என்றவர்

கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் இல்லம். அதன் முன்கூடத்தில் நாலடித் தொட்டி. இரண்டு மாதம் நான் போகாமல் விட்டதில் களை பின்சுவர் முழுக்கப் படர்ந்துவிட்டது. நடுவில் இருந்த நல்ல பவளம் வாடிச் சுருண்டு, நனைந்த தோல் செருப்பு மாதிரி கிடந்தது. முதலாளி பெருமையோடு என்னைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய்க் காட்டினார்.

நான் பையைத் திறந்ததும் அவர் பதறிவிட்டார். வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் பின்சுவரைத்தான் படம் எடுக்கிறார்களாம். இது களை, அதுதான் பவளம், இது அதைக் கொல்கிறது என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிம்மா. நடுவுல அந்தச் செருப்பு இருக்குதே, அத எடுத்துட்டு அங்கயும் இந்தப் பூவையே நட்டுக் குடுத்துடு."

தேய்த்துத் தள்ளிய கல்

மாலத்தீவில் ஒரு சொகுசு விடுதியில், கடலுக்குள் முங்கிப் பவளம் காட்டுகிற வேலையில் இருக்கும், எனக்குப் பழக்கமான சார்லஸ் ஒரு நாள் போன் செய்தான். "அக்கா, எங்கப்பா தொட்டிய ஒரு தடவ போய்ப் பாருங்க. அம்மா ஏதோ மறைக்கிறாங்க" என்றான். ரெட்டியார்பாளையத்தில் வீடு. அவன் அம்மா பிலோமி அம்மா கதவைத் திறந்தார். கூடத்தில் தொட்டிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, அவன் அப்பா மரியசூசை அய்யா உட்கார்ந்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. விழுந்துபோன வலது கையும் காலும் பாதி திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது, வார்த்தைதான் வெளியே வரவில்லை. டிவி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஆட்கள் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா, அவர் கண் எதில் நிற்கிறதோ அதை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அது நின்ற ஒரே இடம், விடுமுறையில் வந்தபோது மகன் வைத்துக் கொடுத்த இந்தத் தொட்டிதான். காளான் வடிவத்தில் ஒரு பவளம், அதன் மடிப்பில் படுத்துத் தூங்குகிற இரண்டு கோமாளி மீன்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் அதையே பார்ப்பாராம்.

நான் போன அன்று காளான் சுருங்கிப் போயிருந்தது. மீன் இரண்டும் ஒரு மூலையில் அகதிகள் போல நின்றன. கல்லெல்லாம் களை. நான் எண்ணத் தொடங்கி, அறுபதோடு நிறுத்திக்கொண்டேன். "முதல்ல நாலுதான் இருந்துதும்மா" என்றார் பிலோமி அம்மா. அந்த நாலையும் பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துத் தள்ளியிருக்கிறார். ஒரு வாரத்தில் இருபதாயின. இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறார். தரையையும் பாத்திரத்தையும் பளபளவென்று வைத்திருக்கிற வீடு அது. இத்தனை சுத்தமாக ஒரு தொட்டியைக் கெடுத்தவரை நான் பார்த்ததில்லை. அதட்டலாமென்று வாயைத் திறந்தேன். மீன்கள் மூலைக்குப் போனதிலிருந்து அய்யா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது பிலோமி அம்மா வாசல்வரை வந்தார். அய்யா மில்லில் துணி செக்கிங்கில் இருந்தவராம். நெய்து வரும் துணியை மேஜை மேல் ஓடவிட்டு, அறுந்த நூல், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிற வேலை. அந்தக் கண் வீட்டிலும் சும்மா இருக்காதாம். தோசை ஓரம் கருகினால் சொல்வார், சட்டைக் காலர் மடிந்தால் சொல்வார். முப்பத்தைந்து வருஷம் காதைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தேன் என்று சிரித்த பிலோமி அம்மா, சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப ஒரே ஒரு தடவ என்னைத் திட்டினாப் போதும்மா. தோச தீஞ்சுபோச்சுன்னு சொல்லட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்த இறால்கள்

களையைத் தின்கிற இறால் ஒன்று உண்டு. உடம்பெல்லாம் சிவப்புக் கோடு போட்ட சின்ன இறால், பெயர் பெப்பர்மின்ட். சென்னையிலிருந்து ஆறு வரவழைத்து, பிலோமி அம்மாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன்: இதுங்களுக்குத் தனியாக ஒன்றும் போடாதீர்கள், மீனுக்குப் போடுவதையும் குறையுங்கள், பசித்தால்தான் களையைத் தொடும். அவரும் மூன்று தடவை தலையாட்டினார்.

பத்து நாள் கழித்துப் போனேன். களை குறையவில்லை. இறால்கள் மட்டும் நன்றாகக் கொழுத்து, நான் கையை விட்டதும் ஓடி வந்து விரல் மேல் ஏறி உட்கார்ந்தன. சோற்றுக்குப் பழகிய இறால்தான் அப்படி வரும். நான் பிலோமி அம்மாவைப் பார்த்தேன். அவர் சமையலறையைப் பார்த்தார். அய்யா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடது கையால் மெதுவாகப் பக்கத்து அலமாரியைக் காட்டிக்கொடுத்தார். அலமாரியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் பொடிப்பொடியாகக் கிள்ளிய அவித்த நெத்திலி. மாட்டிக்கொண்ட பிலோமி அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வூட்டுக்கு வந்ததுங்கள பட்டினி போட்டு வேல வாங்கச் சொல்றியே, அது எந்த ஊரு நியாயம்?"

சிவப்புப் பென்சில்

இறாலை நம்பிப் பயனில்லை என்று ஆனதும் சுண்ணாம்புக்கு வந்தேன். கலப்பில்லாத சுண்ணாம்புப் பொடியைக் குழைத்து, ஊசியில் ஏற்றி, களையின் வாயில் மெதுவாக வைக்க வேண்டும். அது சாப்பாடு என்று நினைத்து விழுங்கி, அங்கேயே கரைந்துபோகும். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைக்க முடியாது. சுண்ணாம்பு ஏறினால் தண்ணீர் கெட்டு மீன் செத்துவிடும், ஒரு தடவைக்கு ஆறு ஏழுதான் கணக்கு. அதைவிடப் பெரிய தொல்லை, நம் நிழல் பட்டாலே களை ஓட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். நான் தொட்டியருகே போய் நின்றால் ஒன்றும் தெரியாது. திரும்பி வந்தால் எல்லாம் தலை நீட்டிச் சிரிக்கும்.

ஒரு வாரம் போனபோது தொட்டியின் கண்ணாடி மேல் ஏழெட்டு இடத்தில் சிவப்பாக ஏதோ கிறுக்கியிருந்தது. குழந்தை வந்து விளையாடிவிட்டதோ என்று துடைக்கப் போனேன். அய்யா தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பி நாற்காலிக் கையைத் தட்டினார். அவர் மடியில் ஒரு சிவப்பு மெழுகுப் பென்சில். மில்லில் துணியின் பழுதைக் குறிக்க வைத்திருந்தது, பீரோவில் கிடந்ததைக் கைஜாடை காட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு குறிக்கும் நேர் பின்னால் ஒரு களை! சின்னதுக்கு ஒரு கோடு, பெரியதுக்குப் பெருக்கல் குறி. நாளெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருப்பவரைக் களை மனிதனாகவே மதிக்கவில்லை. எல்லாம் தலை நீட்டியிருக்கும் நேரம் பார்த்துக் குறித்துவிட்டார். துடைக்க எடுத்த துணியை நான் அவர் மடியிலேயே வைத்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே ஷிப்ட். வாரம் முழுக்க அவர் குறி போடுவார். செவ்வாய்க்கிழமை நான் போய்க் குறி பார்த்துச் சுண்ணாம்பு வைப்பேன், வைத்த குறியை அவர் துணியால் துடைப்பார். ஒரு நாள் வேலை முடித்து நிமிர்ந்தபோது, அவர் என் கையைப் பிடித்து இழுத்து, சுடிதார் கையில் பெருக்கல் குறி போட்டார். பார்த்தால் அங்கே இரண்டு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. பிலோமி அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "கவலப்படாத. உன்னையும் பழுதுத் துணின்னு செகண்ட்ஸ்ல தள்ளிட்டாரு, அவ்ளோதான்."

யார் ஊசி போடுவது

சுண்ணாம்பு வைக்க ஆரம்பித்த முதல் நாள் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். நான் ஊசியை எடுத்ததும் அய்யா வேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் அவர் கையைத் துளைத்த சாமான் அது, நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் மீனின் பயம் எனக்குத் தெரியும், மனுஷர் பயம் தெரியாமல் போயிற்று. ஊசியைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். இது உங்களுக்கு இல்லை அய்யா, அந்தச் சனியனுக்கு என்று, முனையில் கூர் இல்லாததைத் தொட்டுக் காட்டினேன்.

அப்போதுதான் தோன்றியது. ஊசியை ஒரு நீளக் குழாயில் செருகி, குழாய் முனையை நான் தண்ணீருக்குள் களையின் வாயருகே பிடித்துக்கொண்டேன். ஊசியின் பின்பக்கத்தை அவர் வலது கையில் கொடுத்தேன். பாதி உயிர் திரும்பிய அந்தக் கையில் கட்டைவிரல் நகரவே ரொம்ப நேரம் ஆனது. வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு துளி இறங்கியதும் களை அதை ஆவலாக மூடிக்கொண்டது. அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. அந்த ஒரு பக்கமே போதும் என்று இருந்தது எனக்கு. வாரக்கணக்கில் ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லிக் கெஞ்சியும் மசியாத கட்டைவிரல் அது என்று பிலோமி அம்மா சொன்னார்.

"பந்து மேல அவருக்கு என்ன கோவம்? இது மேலதான கோவம். அதான் கை வருது."

எல்லையில் ஒரு வாய்

கோட்டக்குப்பம் தாண்டி எனக்கு இன்னொரு தொட்டி உண்டு. நம் ஊரைத் தாண்டினால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் செக்போஸ்ட். புதுச்சேரியிலிருந்து கேனோடு போகிற எவரையும் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் புதிதாக வந்த காவலர் நிறுத்தினார். கேனில் என்ன என்றார். உப்புத்தண்ணீர் என்றேன். எத்தனை பேர் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பாரோ, நான் தடுப்பதற்குள் மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டார். அப்புறம் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, என் குடிக்கிற தண்ணீர் பாட்டிலை நானே நீட்டினேன்.

வாய் கொப்பளித்துவிட்டுப் பையைத் திறந்தார். நாலு ஊசி, வெள்ளைப் பொடி ஒரு டப்பா. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சாலை ஓரத்தில் நின்று களை, பவளம், இறால், மரியசூசை அய்யா, சிவப்புப் பென்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு மூன்று வண்டிகள் தாமாகவே போய்விட்டன, அவர் கவனிக்கவில்லை. கடைசியில் பொடி டப்பாவை இறுக மூடி, அவரே பையில் பத்திரமாக வைத்தார். "போங்க. ஆனா இந்த வழியா வரும்போதெல்லாம் நின்னு, அந்தப் பெரியவரு பேசினாரா இல்லியான்னு சொல்லிட்டுத்தான் போவணும்."

நான் வாராவாரம் நின்று, இல்லை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கடைசிக் குறி

நாலு மாதம் ஆயிற்று. கண்ணாடியில் குறிகள் குறைந்துகொண்டே வந்து, ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்றுகூட இல்லை. காளான் பழையபடி விரிந்து நின்றது. கோமாளி மீன் இரண்டும் அதன் மடிப்பில் புரண்டுகொண்டிருந்தன. நான் விளக்கடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று அறிவித்தேன். பிலோமி அம்மா மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றினார். அந்தச் சந்தோஷத்தில், இனி எதற்கு என்று கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, சிவப்புப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய் பீரோவில் வைத்துப் பூட்டினார். சுத்தக்காரர் அல்லவா.

களை போனது. அய்யா பேசவில்லை. பிலோமி அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். இனி மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்று நான் சொல்லும்போது எனக்கே அழுகை முட்டியது. பையைத் தோளில் மாட்டினேன்.

அப்போது நாற்காலிக் கை தட்டப்பட்டது. அய்யாவின் இடது கை மடியில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. பென்சில் இல்லை. தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மடியைத் துழாவினார். நான் குனிந்து விரல் வைத்து இங்கேயா, இங்கேயா என்று கேட்டேன். எல்லாம் தப்பு. அவர் முகம் சிவந்தது. துணியில் பழுது இருப்பது தெரிந்தும் அது தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற செக்கரின் ஆத்திரம் அது. உதடு கோணியது. தொண்டையில் ஏதோ இழுபட்டது. "அ..." என்றார். மறுபடி "அ..." என்றார். அப்புறம் கரகரத்த குரலில், தெளிவாக:

"அதோ. கீழ."

காளானின் அடித்தண்டுக்குப் பின்னால், கல்லின் ஓரத்தில் கடுகளவு ஒரு களை.

நான் வாளியைப் போட்டுவிட்டேன். பிலோமி அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து, அவர் முன்னால் முட்டி போட்டு, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அய்யா அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டித் தொட்டியைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. பத்து மாதமாகப் பேசாத மனிதர், இடது கையால் மனைவியை லேசாக ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"நவுரு... மறைக்குது."

ஜாடி

நான் ஊசியை எடுத்தேன். பிலோமி அம்மா என் கையைத் தட்டிவிட்டார். அதைத் தொட்டால் என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாராம். விட்டால் மூன்று மாதத்தில் மறுபடி அறுபது ஆகும் என்று கெஞ்சிப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அந்தக் கல்லின் ஓரத்தைக் களையோடு சேர்த்து உடைத்து எடுத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் கடல் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தேன். ஜாடி இப்போது அய்யாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவித்த நெத்திலி கிள்ளிப் போடுவது பிலோமி அம்மா, அளவு அதிகம் என்று குறை சொல்வது அய்யா. வார்த்தை இன்னும் ஒன்றிரண்டாகத்தான் வருகிறது. வருவதெல்லாம் குறைதான்.

அடுத்த நாள் எல்லையில் வண்டியை நானே ஓரம் கட்டினேன். காவலர் தூரத்திலிருந்தே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஓடி வந்தார். முதலில் என்ன சொன்னார், அடுத்து என்ன சொன்னார் என்று எழுத்து விடாமல் கேட்டார். நான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ரெண்டாவது பேச்சே பொண்டாட்டிய நவுருன்னுட்டாரா? அப்ப முழுசாத் தேறிட்டாருன்னு அர்த்தம்."

களையை ஒழிக்க வேண்டுமென்றால் தயங்காமல் என்னைக் கூப்பிடுங்கள், ஆனால் ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஜாடிக்குச் செவ்வாய்தோறும் புதுத் தண்ணீர் மாற்றி நானே ஒரு களையை வளர்த்துக்கொண்டிருப்பதை மட்டும் வெளியே சொல்லி என் பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள்.